அக்கா பெயரில் செய்த வேலை

ஒரு மூக்குக்கண்ணாடியின் காலைத் திருகி இறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் சின்னவளுக்கு ரேடியோவிடமிருந்து போன் வந்தது.

ரேடியோ என்பது பட்டப்பெயர். ஆஸ்பெஸ்டாஸ் என்கிற கல்நார் தகடு செய்யும் கம்பெனியில் இருவரும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த காலத்தில், மெஷின் சத்தத்தையும் மீறி நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்ததால் வந்த பெயர். இப்போது அவள் படுக்கைக்குப் பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் ஓடுகிறது. பேச்சு மட்டும் நிற்கவில்லை. துண்டு துண்டாக வருகிறது, அவ்வளவுதான்.

"ஏய்... கம்பெனிக்காரன் ஒத்துக்கிட்டானாம்டி. கோர்ட்ல... செட்டில்மென்ட். தூசியால நுரையீரல் கெட்டுப்போன எல்லாருக்கும்... நஷ்டஈடு. உடனே மனு போடு. கடைசித் தேதி வெச்சிருக்கான்."

"எனக்கு எப்படிடி குடுப்பாங்க?"

"ஏன்... உன் நுரையீரல் மட்டும்... வெளிநாட்டுச் சரக்கா?"

சின்னவள் சிரிக்கப் போய் இருமினாள். எதிரே நின்ற வாடிக்கையாளர் ஓரடி பின்வாங்கினார். கண்ணாடியைத் துடைத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, முதலாளியிடம் சொல்லிக்கொண்டு வெளியே வந்து, கடை வாசலிலேயே இங்கும் அங்கும் நடந்தாள். நடந்தால் மூச்சு வாங்கும். நின்றால் மனசு நிற்கவில்லை.

அவளுடைய சிக்கல் இதுதான். அந்தக் கம்பெனியில் ஆறேழு வருஷம் தூசியைத் தின்றது அவள். ஆனால் கம்பெனிக் கணக்கில் இருந்தது அக்காவின் பெயர்.

வேலை முதலில் கிடைத்தது பெரியவளுக்குத்தான். அப்போதுதான் அவளுக்குக் கல்யாணமாகியிருந்தது. சேர்ந்த சில வாரங்களிலேயே வயிற்றில் பிள்ளை. அந்தத் தூசி வாசனை பட்டாலே வாந்தி. வேலையை விட்டால் திரும்பக் கிடைக்காது என்று அம்மாவுக்குப் பயம். "பிரசவம் ஆகிற வரைக்கும் சின்னவ போகட்டும்" என்று அம்மா சொன்னாள். சின்னவளுக்கு அப்போது வேலைக்குச் சேரும் வயசுகூட ஆகவில்லை. அக்காவின் அட்டையை எடுத்துக்கொண்டு போய் நின்றாள். சூப்பர்வைசர் அட்டையையும் அவளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "எனக்கு வேண்டியது ரெண்டு கை. மூஞ்சி எதுக்கு?" என்று உள்ளே அனுப்பிவிட்டார். பிரசவம் முடிந்தது, பெரியவள் திரும்பப் போகவில்லை. கம்பெனி மூடும்வரை சின்னவள்தான் போனாள், அக்கா பெயரோடு. கம்பெனி மூடியபோது கிடைத்த அனுபவச் சான்றிதழை வைத்துக்கொண்டு பெரியவள் குடிநீர் வாரிய ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தாள். அது யாருக்கும் தப்பாகப் படவில்லை. ஒரே வீடுதானே என்று விட்டுவிட்டார்கள்.

சின்னவள் தேடிப் போன வக்கீல் ஓர் இளம்பெண். கம்பெனி கோர்ட்டில் ஒப்படைத்திருந்த வருகைப் பதிவுகளின் நகல் அவள் கம்ப்யூட்டரில் இருந்தது. விரலால் உருட்டி உருட்டிப் பார்த்தாள்.

"இதுல உங்க பேரே இல்லையேம்மா."

"இருக்காது. அக்கா பேர் இருக்கும்." சின்னவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

வக்கீல் பேனாவை மூடி வைத்தாள். "நான் நம்புறேன். ஆனா நான் நம்பி ஒண்ணும் ஆகப்போறதில்ல. மனுவைச் சரிபார்க்கிற அதிகாரி, வேலை பார்த்ததுக்கு ஆதாரம் எங்கேன்னு கேட்பாரு. ஆஸ்பத்திரி ரிப்போர்ட் எல்லாம் உங்க பேர்ல பக்காவா இருக்கு. வேலை இன்னொருத்தர் பேர்ல இருக்கு. நடுவுல ஒரு பாலம் வேணும்."

"என்கூட வேலை பார்த்தவ ஒருத்தி இருக்கா. எந்த கோர்ட்லயும் வந்து சொல்லுவா."

"அவங்களும் மனு போட்டிருக்காங்க இல்ல? தனக்கும் நஷ்டஈடு கேட்கிறவங்க வாக்குமூலத்தை மட்டும் வெச்சு ஒத்துக்க மாட்டாங்க. கூட ஒரு எழுத்து ஆதாரம் வேணும்னு செட்டில்மென்ட்லயே போட்டிருக்கு. உங்க அக்கா எழுதிக் குடுப்பாங்களா?"

சின்னவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள்.

அக்காவும் தங்கையும் பேசி வருஷக்கணக்காகிறது. உறவுக்காரர் வீட்டில் எல்லோரும் கூடியிருந்த ஒரு நாள், யாரோ சின்னவளின் இருமலைப் பற்றி விசாரித்தார்கள். பெரியவள் சட்டென்று, "இவளுக்கு என்ன? சின்ன வயசுலேர்ந்து உட்கார்ந்த இடத்துல சாப்பாடு. உடம்பு வளையலைன்னா இருமல்தான் வரும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சின்னவள் தட்டை வைத்துவிட்டு எழுந்து வந்தவள்தான்.

இருந்தாலும் அக்கா வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது அக்காவின் கணவர். "வாம்மா" என்றார், முகத்தில் அந்த "வா" இல்லை. சமையலறையில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. சின்னவள் வந்த காரியத்தைச் சொல்லச் சொல்ல மிக்ஸி இன்னும் வேகமாக ஓடியது.

"அவ ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு" என்றார் அவர். "அந்த அனுபவச் சான்றிதழை வெச்சுத்தான் சேர்ந்திருக்கா. அது பொய்னு இப்ப எழுதிக் குடுத்தா பென்ஷன் என்ன ஆகும்? நீயே சொல்லு."

"நான் பொய்யாவா மாமா கேட்கிறேன்?"

"உண்மைதான்மா. உண்மையா இருக்கிறதாலதானே பயமா இருக்கு."

மிக்ஸி நின்றது. பெரியவள் வெளியே வருவாள் என்று சின்னவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. மறுபடியும் மிக்ஸி ஓட ஆரம்பித்தது. அதற்குள் அரைக்க ஒன்றும் இருந்திருக்காது; வெறும் பிளேடு சுற்றும் சத்தம் கேட்டது.

வக்கீல் விடவில்லை. "சரி, வேற வழி பார்ப்போம். பதிவுல உங்க அக்கா வேலைக்கு வந்ததா இருக்கிற ஒரு நாள்ல, அவங்க நிச்சயமா வேற இடத்துல இருந்திருக்காங்கன்னு காட்ட முடியுமா? ஒரு நாள் போதும், அதோட உங்ககூட வேலை பார்த்தவங்க வாக்குமூலத்தைச் சேர்த்துடலாம். ஒரே ஆள் ரெண்டு இடத்துல இருக்க முடியாது இல்லையா?"

சின்னவளுக்கு உடனே அந்த நாள் ஞாபகம் வந்தது. அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது என்று கம்பெனி கேட்டில் வந்து சொன்னார்கள். ஷிப்டு முடியாமல் விடமாட்டேன் என்றார் சூப்பர்வைசர். கூடுதல் ஷிப்டு வேறு தலையில் கட்டினார். தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசியோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பிரசவ வார்டு வாசலில் நர்ஸ் தடுத்து, குளித்துவிட்டு வா, அப்புறம் குழந்தையைத் தொடலாம் என்றாள்.

வக்கீல் பதிவை உருட்டினாள். அந்தத் தேதியில் பெரியவளின் பெயருக்கு நேரே வந்ததாகக் குறி, பக்கத்தில் கூடுதல் ஷிப்டுக்கும் ஒரு குறி.

"அந்தக் குழந்தையோட பிறப்புச் சான்றிதழ் வேணும்" என்றாள் வக்கீல். "அதுல தாய் பேர், ஆஸ்பத்திரி, தேதி எல்லாம் இருக்கும்."

அந்தக் குழந்தை இப்போது வளர்ந்து, பிரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் சர்வீஸ் சென்டர் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தான். அம்மா பேசாவிட்டாலும் சித்தியோடு பேச்சை விடாதவன். சின்னவள் போனபோது ஒரு வாஷிங் மெஷினின் முதுகைக் கழற்றி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

"பிறப்புச் சான்றிதழா? எதுக்கு சித்தி? என் பேர்ல சொத்து எழுதப் போறீங்களா?"

"ஒரு மனுவுக்கு வேணும்டா. குடும்ப விவரம் கேட்கிறாங்க."

அது பொய்யில்லை, உண்மையுமில்லை. அவன் கையைத் துணியில் துடைத்தான்; போனை எடுத்தான்; அடுத்த நொடி அவள் போன் சிணுங்கியது. "வந்துடுச்சா? டீ சொல்லட்டுமா?" என்றான். வேண்டாம் என்று கிளம்பிவிட்டாள். தெரு முனை வரைக்கும் நிற்காமல் நடந்து, அங்கே ஒரு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு திரும்பும்வரை நின்றாள்.

ஆதாரம் கைக்கு வந்த பிறகுதான் இருப்பு கொள்ளவில்லை. வேலைக்கு நடுவில் போனைத் திறப்பாள், பார்ப்பாள், மூடுவாள். ஒருநாள் ஒரு பெரியவரின் கண்ணாடியில் இடப் பக்க லென்ஸை வலப் பக்கத்தில் மாட்டிக் கொடுத்துவிட்டாள். அவர் படியில் தடுமாறித் திரும்பி வந்தார். வீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருப்பாள், எழுந்தால் ஜன்னலுக்குப் போவாள். ஸ்கூல் வேன் ஓட்டும் கணவர் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனார்.

"என் வேன்ல வர்ற பிள்ளைங்ககூட உன்னைவிட அடக்கமா உட்காரும். குடுக்கணும்னா குடு, வேணாம்னா அழிச்சிடு. நடுவுல நின்னு ஏன் சாகுற?"

"அக்கா வேலை போயிடுமேங்க."

"உன் மூச்சு போயிட்டிருக்கே, அது பரவாயில்லையா?"

மறுநாள் சின்னவள் குடிநீர் வாரிய ஆபீஸுக்குப் போனாள். பெரியவள் போனை எடுக்கமாட்டாள் என்று தெரியும். அதனால் டோக்கன் எடுத்து, மீட்டர் ஓடவில்லை, குழாயில் காற்றுதான் வருகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தவர்களோடு வரிசையில் நின்றாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெரியவள் தலை நிமிராமல், "அடுத்து" என்றாள்.

"நான்தான்க்கா."

பெரியவள் நிமிர்ந்தாள். பின்னால் நின்ற ஆள், "சீக்கிரம்மா" என்றார். பெரியவள் பக்கத்து சீட்டுக்காரரிடம் ஏதோ சொல்லிவிட்டு எழுந்து, படிக்கட்டுப் பக்கம் வேகமாக நடந்தாள். மொட்டை மாடிக்குப் போகும் திருப்பம் வரை ஏறினாள். சின்னவள் பாதியில் நின்றுவிட்டாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு இழுத்தாள். மேலேயிருந்து பெரியவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இறங்கி வரவுமில்லை, போகவுமில்லை.

"பையனோட பிறப்புச் சான்றிதழ் என்கிட்ட இருக்கு" என்றாள் சின்னவள், பேச முடிந்ததும். "அன்னிக்கு நீ கம்பெனிக்கு வந்ததா பதிவு இருக்கு. அது போதுமாம். உன்கிட்ட சொல்லாம குடுக்க மனசு வரல."

பெரியவளின் முகம் சிவந்தது. "என் பிள்ளை கையாலயே வாங்கிட்டு வந்திருக்கே. நல்லா இருக்குடி."

"எனக்கு வேற என்ன வழி?"

"நான் ரிட்டயர் ஆகிற வரைக்கும் பொறு. அப்புறம் எங்க வேணாலும் வந்து சொல்றேன்."

"கடைசித் தேதி அதுக்கு முன்னாடியே வருதே அக்கா."

"அப்ப என்னைக் கேட்க ஏன் வந்தே?"

கீழேயிருந்து யாரோ பெரியவளைக் கூப்பிட்டார்கள். அவள் சுவர் ஓரமாக ஒதுங்கி, தங்கையின் மேல் படாமல் இறங்கிப் போனாள்.

அன்றைக்கே சின்னவள் ரேடியோவின் வீட்டுக்குப் போனாள். ரேடியோ முழுவதையும் கேட்டாள். இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு அது பெரிய காரியம்.

"இங்க பாரு" என்றாள் கடைசியில். "நம்ம மேஜையில... எத்தனை பேர் இருந்தோம்? இப்ப... பேச மிச்சம் இருக்கிறது... நாம ரெண்டு பேர். நீ வேலையே பார்க்கலைன்னு... எழுதிட்டாங்கன்னா... உன் பக்கத்துல உட்கார்ந்து... நான் யார்கூடடி பேசினேன்? பேய்கூடவா?"

சின்னவள் பஸ் ஏறியதும் அக்காவுக்கு ஒரே வரி அனுப்பினாள். "நாளைக்கு வக்கீலிடம் கொடுக்கிறேன் அக்கா." படித்துவிட்டதாகக் குறி வந்தது. பதில் வரவில்லை. மறுநாள் கொடுத்துவிட்டாள்.

முதலில் போன் செய்தது அக்கா மகன். குரலில் விளையாட்டு இல்லை. "வக்கீல் ஆபீஸ்லேர்ந்து சரிபார்க்கக் கூப்பிட்டாங்க சித்தி. எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் குடுக்க மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? அம்மாகிட்ட என்னை எங்க நிறுத்திட்டீங்க?"

"தப்புதான்டா" என்றாள் சின்னவள். அவன் போனை வைத்துவிட்டான்.

பிறகு அக்கா, தங்கை இரண்டு பேருக்கும் சரிபார்க்கும் அதிகாரியின் ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. மனு போட்டவளும் பதிவில் பெயர் உள்ளவளும் நேரில் வரவேண்டும். சின்னவள் வெகு முன்னதாகவே போய் அந்த ஆபீஸ் தாழ்வாரத்தில் நடந்துகொண்டிருந்தாள். அக்கா வரமாட்டாள் என்று ஒரு மனம், வந்து "நான்தான் வேலை பார்த்தேன்" என்று சொல்லிவிடுவாள் என்று ஒரு மனம். இரண்டில் எது மோசம் என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. பெரியவள் சரியான நேரத்துக்கு வந்தாள். ஆபீஸுக்குப் போகிற அதே உடுப்பு, அதே பை. தங்கையைப் பார்க்காமல் உள்ளே போய் உட்கார்ந்தாள்.

சரிபார்க்கும் அதிகாரியின் மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஒரு திருகு திருகினால் நேராகிவிடும் என்று சின்னவளின் விரல்கள் பரபரத்தன. அவர் வருகைப் பதிவையும் பிறப்புச் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இந்தத் தேதியில கம்பெனிக்கு வந்து, கூடுதல் ஷிப்டும் பார்த்ததா இருக்கு" என்றார் பெரியவளிடம். "உங்க பேர்தான். வந்தீங்களா?"

பெரியவள் தாள்களைப் பார்த்தாள். மின்விசிறி ஒரு தாளின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றாள். குடித்தாள். டம்ளரை வைக்க இடம் தேடுவதுபோல் கையில் வைத்தே உருட்டினாள்.

"அன்னிக்கு நான் பிரசவ வார்டுல இருந்தேன்."

"அப்ப கம்பெனியில இருந்தது?"

"என் தங்கச்சி."

"அடுத்த நாள்?"

"அன்னிக்கும் அவதான். அதுக்கப்புறம் எல்லா நாளும் அவதான். நான் போனது ஆரம்பத்துல கொஞ்ச நாள். எனக்கு அந்த வாசனை ஒத்துக்கல."

அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். "இதை எழுத்துல குடுத்தா உங்களுக்கு என்ன ஆகும்னு சொல்ல வேண்டியது என் கடமை. உங்க ஆபீஸுக்கு இது தெரியவரலாம்."

"தெரியும் சார். நானும் ஒரு ஆபீஸ்லதான் உட்கார்ந்திருக்கேன். எங்க கையெழுத்துப் போடணும்?"

சின்னவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது. இருமல்தான் வந்தது. அதிகாரி எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். பெரியவள் பஸ் வரும் திசையையே பார்த்தபடி பேசினாள்.

"நீ குடுத்த பேப்பருக்காக நான் வரல. பையன் வந்து கேட்டான். நான் பிறந்த அன்னிக்கு உனக்குப் பதிலா யாரும்மா வேலைக்குப் போனதுன்னு. அவ்வளவுதான் கேட்டான். எனக்கு வாய் வரல."

"அக்கா..."

"இரு, சொல்லி முடிச்சிடறேன். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உன்னைப் பேசினேனே, உட்கார்ந்த இடத்துல சாப்பாடுன்னு. நீ இருமுற சத்தம் கேட்டாலே எனக்கு வர வேண்டியது உனக்கு வந்திருக்குன்னு யாரோ சொல்ற மாதிரி இருக்கும். யாராவது சொல்லிடறதுக்கு முன்னாடி நான் முந்திக்கிட்டேன்."

பஸ் வந்தது. கூட்டம். பெரியவள் முதலில் ஏறி, உட்கார்ந்திருந்த ஓர் இளைஞனை அதட்டி எழுப்பி, தங்கைக்கு இடம் பிடித்தாள். தான் நின்றுகொண்டே வந்தாள்.

சின்னவளின் மனு ஏற்கப்பட்டது. அந்தச் செய்தி வந்த வாரத்திலேயே குடிநீர் வாரியம் பெரியவளிடம் விளக்கம் கேட்டது. பெரியவள் தங்கையைக் கூப்பிட்டு அனுப்பினாள். இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினார்கள். எழுதியதைவிட அடித்ததே அதிகம்.

"அம்மா சொன்னதால தங்கையை அனுப்பினோம்னு எழுதறேன்" என்றாள் பெரியவள்.

"உயிரோட இல்லாதவளை எதுக்கு இழுக்கிறே?"

"உண்மைதானே? அவதானே சொன்னா?"

"அவ சொன்னது பிரசவம் வரைக்கும். அதுக்கப்புறம்?"

பெரியவள் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டே இருந்தாள். அவள் கணவர் கூடத்திலிருந்து, "எதையாவது எழுதி முடிங்களேன்" என்றார். பெரியவள் பாதி எழுதிய வரியை அடித்துவிட்டு வேறு எழுதினாள். சின்னவள் எட்டிப் பார்த்தாள். "பிரசவத்துக்குப் பிறகும் நான்தான் அனுப்பினேன்" என்று இருந்தது.

விசாரணை இழுத்தது. பெரியவள் ரிட்டயர் ஆகும் நாள் வந்து போயிற்று, பென்ஷன் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த நாட்களில் சின்னவளுக்குத் தன் நஷ்டஈட்டைத் தொடவே மனம் வரவில்லை. கணவர் திட்டிய பிறகுதான் மருந்துக்கும், வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆக்ஸிஜன் மெஷினுக்கும் எடுத்தாள். கடைசியில் வாரியம் முடிவு சொன்னது. பெரியவள் வாரியத்தில் வேலை பார்த்த வருஷங்கள் செல்லும், கம்பெனி அனுபவத்தைக் காட்டிப் பெற்ற சலுகைகள் செல்லாது, பென்ஷன் குறையும்.

பெரியவளே போன் செய்து சொன்னாள்.

"கோபமா இருக்கியா அக்கா?"

"இருக்காதா பின்னே? கொதிக்குது. நாளைக்கு வரியா? வந்தா நேர்லயே திட்டறேன்."

"வரேன்" என்றாள் சின்னவள்.